நாடகத்துக்கும் ஒரு பேராசிரியரா?

உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்கிற நேரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' என்ற பெயரைக் கண்டதும் திருகோணமலைப் பெற்றோருக்கு முதலில் வருகிற கேள்வி, "இதைப் படிச்சு என்ன சேர் செய்யிறது?" என்பதுதான். ஒரு தகப்பன் இன்னும் ஒரு படி மேலே போய், "நாடகத்துக்கும் புரபெசர் இருக்கிறாரோ?" என்று கேட்டார். நக்கல் இல்லை, மெய்யாகவே தெரியாமல் கேட்டார். மருத்துவத்துக்குப் பேராசிரியர், கணிதத்துக்குப் பேராசிரியர், சரி. கோயில் திருவிழாவில் விடியவிடிய ஆடுகிற கூத்துக்கு எதற்குப் பேராசிரியர்?

பாடசாலை வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஆசிரியர் நியமனம், டிப்ளோமா என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். நம் பக்கத்தில் நாடகப் பேராசிரியர் என்கிற ஆள் எப்படி உருவானார், பாடம் நடத்த வந்தவரே ஏன் நாடகமும் எழுதி, ஊர்களின் பண்பாட்டு வரலாறும் எழுத வேண்டி வந்தது என்பதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மட்டக்களப்புப் பேராசிரியர் சி. மௌனகுருவின் வாழ்க்கையை விட நல்ல உதாரணம் இல்லை. ஆனாலும் கதையைத் திருகோணமலையில் தொடங்கலாம்.

1925இல் இங்குள்ள இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றது. அதற்கு முன்னின்றவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். அதே காலப்பகுதியில், 1926இல், அவருடைய 'மதங்க சூளாமணி' மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்து, சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் சிதறிக் கிடக்கும் நாடக இலக்கணத்தையும் வடமொழித் தசரூபகத்தையும் பக்கத்தில் வைத்து, தமிழில் நாடகம் எப்படி அமைய வேண்டும் என்று பேசுகிற நூல் அது. ஈழத்துக் கிழக்கிலிருந்து எழுந்த முதல் பெரிய நாடக ஆய்வு என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. இந்துக் கல்லூரியிலிருந்து மாட்டுவண்டியில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் தம்பலகாமம். அங்கே கூத்து ஆடினார்கள். குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரை ஒட்டிய ஊர்களிலும் ஆடினார்கள். ஆனால் நூல் ஷேக்ஸ்பியரின் ஸ்ட்ராட்போர்டைப் பார்க்கிறது, பூம்புகாரைப் பார்க்கிறது. தம்பலகாமத்தின் பக்கம் திரும்பவில்லை. சுவாமியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படித்தவர்கள் கூத்தை 'நாடகம்' என்ற கணக்கிலேயே எடுக்காத காலம் அது. கூத்து பட்டிக்காட்டுச் சங்கதி, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த எண்ணம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேறொரு பொருத்தமும் இருக்கிறது. சுவாமி பிறந்தது 1892 மார்ச் 27. பிற்காலத்தில் உலக நாடக தினம் என்று அறிவிக்கப்பட்டதும் அதே மார்ச் 27தான். எங்கள் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

அடுத்த திருப்பம் பேராதனையில், அதுவும் சிங்களத்திலிருந்து வந்தது. எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகம் ஐரோப்பிய நாடகங்களைத் தழுவிக்கொண்டிருந்த நேரத்தில், 'நாடகம' என்ற பழைய ஆட்டப் பாட்டு வடிவத்தை எடுத்து அவர் நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த நாடகமவோ நம் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போனது. பெயரிலேயே அது தெரிகிறது. சரச்சந்திரவும் பேராசிரியர். சிங்களக் கிராமிய நாடகங்களைத் தேடிப் போய் ஆய்வு நூல் எழுதிய பிறகே மேடைக்கு வந்தவர். ஒரே ஆள் பேராசிரியராக, நாடக ஆசிரியராக, பண்பாட்டு வரலாற்றாளராக இருப்பது இந்த நாட்டில் இரண்டு மொழியிலும் நடந்திருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தனுக்கு இது உறைத்தது. கடன் கொடுத்த வீட்டில் மூலதனம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, கடன் வாங்கிய வீட்டில் விளக்கு எரிகிறது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், ஊர் ஊராகக் கூத்துப் போட்டிகள் வைத்தார், கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரைக் கூட்டிக் கௌரவித்தார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளை அச்சிட்டார். 1962இல் வந்த 'அலங்கார ரூபன் நாடகம்' அப்படி வந்ததுதான். அப்புறம் பல்கலைக்கழக மாணவர்களையே ஆட வைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை'.

இங்கேதான் மௌனகுரு வருகிறார். 1943இல் மட்டக்களப்பில் பிறந்தவர், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தவர். கூத்து அவருக்குப் புத்தகத்தில் கண்ட பொருள் இல்லை. சதங்கை கட்டி ஆடத் தெரிந்தவராகவே பேராதனைக்குப் போனார். அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே 'இராவணேசன்' பிரதியை எழுதினார். இராவணனாக ஆடியவரும் அவரே. வயது 21. பழைய கூத்துகளில் இராவணன் வந்தால் கொக்கரிப்பான், சாவான். மௌனகுருவின் இராவணனோ தோல்வி தெரிந்தும் மானத்துக்காகக் களம் போகிற, உள்ளுக்குள் உடைகிற மனிதன். கூத்தின் ஆட்டத்தில் ஒரு பாத்திரத்தின் மனப் போராட்டத்தைக் காட்ட முடியும் என்று காட்டியதுதான் அந்த நாடகத்தின் பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

பேராதனையில் கூத்துக்கு என்ன செய்தார்கள் என்பது விளங்க, ஊரில் கூத்து எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஊர் கூடி எந்தக் கூத்து என்று முடிவு செய்யும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஆளையும் குரலையும் பார்த்து அண்ணாவியார் தீர்மானிப்பார். அந்தந்த ஆளின் பாட்டும் வசனமும் எழுதிய பகுதியைக் கையில் கொடுப்பதற்குப் பெயர் 'சட்டம் கொடுத்தல்'. மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். கால் படிந்ததும் நல்ல நாள் பார்த்துச் சதங்கை அணிவார்கள். கடைசியில் அரங்கேற்றம். ஆடுகிற களமான களரி வட்டமானது. நிலத்தை மண் போட்டுக் கொஞ்சம் உயர்த்தி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டுவார்கள். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், பக்கத்தில் சல்லாரி என்ற கைத்தாளம், பிற்பாட்டுக்காரர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலு பக்கமும் இருக்கும். அரசனுக்கு வரவுத் தாளம் 'தந்தத் தகிர்தத் தகிர்தத் தாம்' என்று தொடங்கினால், அந்த வட்டத்தை அவன் முழுசாக ஆடி முடிக்கவே நேரம் போகும். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளில் வடமோடியில் அரசனுக்குப் பிரம்பு வைத்து விரித்துக் கட்டிய கரப்புடுப்பு. அந்தப் பாரத்தோடு ஆட வேண்டும். கிழவிகள் பாயைப் போட்டுப் படுத்து, பிடித்த வரவு வரும்போது எழும்பிப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் கதை தெரியும், அவசரம் இல்லை.

இப்போது இதைத் தூக்கிப் படச்சட்ட மேடையில் வையுங்கள். பார்ப்பவர் ஒரு பக்கத்தில் மட்டும். அண்ணாவியார் நடுவில் நின்றால் மறைக்கும், அவர் ஓரத்துக்குப் போக வேண்டும். வட்டமாக ஆடினால் பாதி நேரம் முதுகு தெரியும், ஆட்டத்தைச் சபைக்கு நேராகத் திருப்ப வேண்டும். விடியவிடிய நடந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும், ஆகவே திரும்பத் திரும்ப வருகிற பாட்டும் ஆட்டமும் போயின. பெண் வேடத்தை ஆண்கள் கட்டுகிற வழக்கம் போய்ப் பெண்களே ஆடினார்கள். இதைச் 'செம்மைப்படுத்தல்' என்றார்கள். கூத்தைக் கொழும்புக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் காசு கொடுத்துப் பார்க்கிற கலையாக்கியது இந்த வேலைதான். அதன் விலை என்ன என்ற கேள்வி பிறகு வந்தது.

மௌனகுரு அங்கேயே நின்றுவிடவில்லை. 1969இல் அவருடைய 'சங்காரம்' வந்தது. வடமோடி ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஆனால் களரிக்கு வருகிறவர்கள் பஞ்சபாண்டவரும் இல்லை, இராம இராவணரும் இல்லை. வர்க்கம், சாதி, இனம் என்ற அரக்கர்களை உழைக்கிற சனம் எதிர்த்து அழிக்கிறது. அதே ஆண்டு வடக்கிலே மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தை வைத்துக் காத்தான் கூத்துப் பாணியில் 'கந்தன் கருணை' ஆடப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காலம் விளங்கும். இடதுசாரி எண்ணம் இளைஞர்களைப் பிடித்திருந்த நேரம். 'கூத்தின் உடம்பு நம்முடையது, அதற்குள் இன்றைய பிரச்சினையை வைக்கலாமா?' என்று எல்லாருமே முயன்று பார்த்தார்கள். மௌனகுருவுக்கு எழுதப் பிரதி இல்லை, அதனால் தானே எழுதினார். நாடகப் பேராசிரியர் நாடக ஆசிரியராவது இப்படித்தான். ஆட ஆள் இருக்கிறது, தாளம் இருக்கிறது, அந்தக் காலத்துக்கு ஏற்ற பாட்டு மட்டும் இல்லை.

வரலாற்றாளரானதும் அதே மாதிரி ஒரு தட்டுப்பாட்டால்தான். கூத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போனால் கையில் பாடநூல் இல்லை. ஆங்கில நாடகம் படிப்பிக்கிறவருக்கு நூலகம் இருக்கிறது. இவர் ஊருக்குப் போய், அண்ணாவியார் காலடியில் இருந்து, கொப்பியைப் பிரதி பண்ணி, யார் எந்தக் கூத்தை ஆடினார், யார் ஆடக்கூடாது என்று ஊர் வைத்திருந்தது, களரிக்கும் கோயிலுக்கும் நிலக்காரரான போடியாரின் வயலுக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் விசாரித்து எழுத வேண்டும். ஆக, கூத்தின் வரலாறு எழுதினால் அது ஊரின் வரலாறாகிவிடும், சாதியைத் தொடாமல் அதை எழுதவும் முடியாது. மௌனகுருவின் கலாநிதிப் பட்ட ஆய்வு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியது. 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முடித்தார். 15 ஆண்டு கழித்து, 1998இல்தான் அது 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்று நூலானது. இடையில் 1993இல் 'ஈழத்துத் தமிழ் நாடக அரங்கு' வந்துவிட்டது. உயர்தர வகுப்பில் நாங்கள் படிப்பிக்கிற பல சங்கதிகளுக்கு அடி அந்த இரண்டு நூல்களில் இருக்கிறது.

இந்த வகை வேலையில் அவருக்கு முன்னோடி கா. சிவத்தம்பி. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்பதுதான் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1970இல் சிவத்தம்பி முடித்த கலாநிதி ஆய்வின் பொருள். சங்கப் பாட்டிலிருந்து சமூகத்தைத் தோண்டி எடுத்தவர் அவர். மௌனகுரு கண் முன்னே ஆடிக்கொண்டிருக்கிற ஆட்டத்திலிருந்து தோண்டினார்.

யாழ்ப்பாணத்தில் மௌனகுரு இருந்த காலம் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பெரிய நாடக எழுச்சி நடந்தது. மௌனகுரு எழுதிய சிறுவர் நாடகங்களில் 'தப்பி வந்த தாடி ஆடு' எனக்குப் பிடித்தது. தொண்டையும் காலும் இருந்தால் போதும், எந்தப் பாடசாலை மண்டபத்திலும் போடலாம்.

1990களின் தொடக்கத்தில் அவர் கிழக்குக்குத் திரும்பினார். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலை வளவு வேறெதுவும் இல்லை, அவர் படித்த அதே மத்திய மகா வித்தியாலயத்தின் இடம்தான். 1981இல் அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986இல் பல்கலைக்கழகமானது. கூத்து ஆடிய பிள்ளையாக இருந்த வளவுக்குள் நுண்கலைத்துறைப் பேராசிரியராக, பிறகு கலைப்பீடாதிபதியாக நடந்து திரிந்திருக்கிறார். வெளியே போர். உள்ளே மத்தளம். பறையும் மத்தளமும் சங்கும் உடுக்கும் சேர்த்து, கூத்துடை போட்ட மாணவர்கள் அணிவகுத்து வருகிற 'இன்னிய அணி'யை அவர் அங்கேதான் உருவாக்கினார். விருந்தினரை வரவேற்க மேலைத்தேய பாண்ட் வாத்தியம் அடிப்பதே வழக்கமாக இருந்த ஊர்களில், இது ஒரு தைரியமான மாற்று. ஓய்வுக்குப் பிறகு மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் என்ற பெயரில் இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். 'இராவணேசன்' அங்கே புதிய உடம்புகளில் மறுபடி ஏறியது.

சரி, எதிர்ப்பேச்சு. அதே பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறையிலிருந்தே அது வந்தது. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் 'மீளுருவாக்கம்' என்ற வழியை முன்வைத்தார்கள். கூத்தை ஊரிலிருந்து பிடுங்கி மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம், களரியிலேயே இருக்கட்டும், ஆடுகிற ஊர்ச் சனமே உட்கார்ந்து பேசி, பெண்ணை இழிவு செய்கிற, சாதி சொல்கிற வரிகளை மாற்றட்டும் என்பது அவர்கள் பக்கம். மட்டக்களப்புச் சீலாமுனையில் அப்படி வேலை செய்தார்கள். செம்மைப்படுத்தியது யார், யாருடைய கண்ணுக்காக என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. என் சொந்த அபிப்பிராயம், 1962இல் கூத்து அந்த மேடைக்குப் போகாமல் இருந்திருந்தால் பின்னாளில் களரியைப் பற்றிச் சண்டை பிடிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆளே இருந்திருக்காது. ஆனால் ஒன்றரை மணி நேரக் கூத்தை மட்டும் பார்த்து வளர்ந்த மாணவன், வட்டத்தில் ஆடச் சொன்னால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறான். இதை வகுப்பில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். மௌனகுருவின் ஆய்வு நூலின் தலைப்பைக் கவனியுங்கள்: 'மட்டக்களப்பு'. எழுதியவர் தன் ஊரைப் பற்றி எழுதினார், அது அவருடைய உரிமை, அவருடைய பலமும். ஆனால் அச்சில் ஏறியது அளவுகோலாகிவிடும். இன்று எங்கள் மாணவர்கள் வடமோடி, தென்மோடி என்று பரீட்சைத் தாளில் எழுதுவதெல்லாம் மட்டக்களப்புக் கணக்கு. தம்பலகாமத்தில் தாத்தா ஆடிய ஆட்டம் அந்தக் கணக்கோடு ஓர் இடத்தில் ஒத்துவராவிட்டால், தாத்தா பிழையாக ஆடினார் என்று பேரப்பிள்ளை நினைக்கிறான்.

இங்கே அந்த அளவுக்கு ஏன் எழுதப்படவில்லை? ஒரு காரணம் வெறும் தண்ணீர். மட்டக்களப்பிலிருந்து கரையோரமாக இங்கே வரும் வீதியில் வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை பாதை ஏறி இறங்க வேண்டியிருந்தது. நான் சொல்லும் பாதை, வாகனத்தை ஏற்றி மிதக்கிற பாதை. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009இல். சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர் எல்லாம் அந்தத் தண்ணீருக்கு நடுவே கிடந்தன. இன்னொரு காரணம் போர். 2006 ஏப்ரலில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. ஊருக்குத் திரும்பத் தொடங்கியது 2015க்குப் பிறகு. ஒன்பது வருடம் முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தவர்களிடம் போய், "உங்கள் கரப்புடுப்பு எங்கே?" என்று எப்படிக் கேட்பது? பிள்ளையையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் மத்தளத்தைத் தூக்கியிருக்க மாட்டார்.

ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. சேனையூரைச் சேர்ந்த பால. சுகுமார் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பித்து, கலைப்பீடாதிபதியாகவும் இருந்தவர். மூதூர்ப் பக்கமான கொட்டியாரத்துப் பண்பாடு பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர். வழி அதுதான், ஊரில் பிறந்த ஆள் வெளியே போய்ப் படித்து, ஊரை எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகள் நாடகத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்க வந்தாறுமூலைக்கோ கல்லடியில் உள்ள விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் ஆசிரியர்களாகிறார்கள், தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்குகிறார்கள். பதினைந்து நிமிடக் கூத்து. பேராதனை ஒன்றரை மணி நேரமாக்கியதை நாங்கள் இன்னும் கத்தரித்துவிட்டோம்.

நாடகத்துக்குப் புரபெசர் இருக்கிறாரோ என்று கேட்ட தகப்பனின் மகள் கடைசியில் அந்தப் பாடத்தையே எடுத்தாள். செயற்றிட்டத்துக்கு ஏதாவது பழைய பொருள் தேடிக் கொண்டுவரச் சொன்னேன். தம்பலகாமத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டிலிருந்து ஒரு கொப்பி கொண்டுவந்தாள். மட்டை கழன்று, நூலால் தைத்து, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. உள்ளே ஊதா மையில் குண்டு எழுத்து. விருத்தம், தரு, வசனம் என்று ஒழுங்காகப் பிரித்திருக்கிறது. பாட்டுக்குப் பக்கத்தில் தாளக்கட்டு. ஓரிடத்தில் பென்சிலால், 'இதில் தம்பி பிந்துகிறான்' என்று குறிப்பு. முதல் நாலைந்து பக்கம் இல்லை, காப்பும் கட்டியகாரன் வரவும் போய்விட்டன. எந்தக் கூத்து, யார் எழுதியது என்பது அந்தப் பக்கங்களோடு போயிருக்கலாம்.

பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தோம். 61 பக்கம். எடுத்து முடித்ததும் அவள் கேட்டாள், "சேர், அந்தத் தம்பி ஆரெண்டு அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டு வரட்டே?"